ஆறும் நாலும் பத்து

டிசம்பர் மாதம். வெளியே மாரி மழை அடித்துக் கொட்டியது. பரீட்சை மண்டபத்தின் தகரக் கூரையில் எழுந்த சத்தத்தில், மேற்பார்வையாளர் நேரத்தை அறிவித்தது பின்வரிசையில் இருந்த எங்களுக்குச் சரியாகக் கேட்கவுமில்லை. அன்று க.பொ.த. சாதாரண தரக் கணிதம், இரண்டாம் வினாத்தாள். நான் பத்துக் கேள்விகளுக்கும் விடை எழுதி முடித்துவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு பேனையை மூடினேன். தாள்களை அடுக்கி, சுட்டெண்ணைச் சரிபார்த்து, வரைபுத்தாளையும் சேர்த்து நூலால் கட்டினேன். பிறகு யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

என் பரீட்சை வாழ்க்கையிலேயே மிக நிம்மதியான இருபது நிமிடங்கள் அவை. மிக முட்டாள்தனமான இருபது நிமிடங்களும் அவைதான்.

படலையடியில் ஒரே குடைக்குள் நாலு பேர் ஒண்டிக்கொண்டு நின்றபோது கூட்டாளி ஒருத்தி கேட்டாள்: "விருத்திக் கணக்குச் செஞ்சியா? லேசா வந்திருந்திச்சு."

"இல்ல. அது எனக்குத் தேவைப்படல்ல. ஏ பகுதியில ஆறும் பி பகுதியில நாலும் செஞ்சிட்டன். பத்தும் சரி."

குடைக்குள் யாரும் பேசவில்லை. பிறகு அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "ஏயில ஆறா? அஞ்சு தானேகா செய்யணும்."

கணிதம் இரண்டாம் வினாத்தாளைப் பற்றி இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோருக்காகச் சொல்கிறேன். அதில் இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் ஆறு கேள்விகள். ஏ பகுதியில் ஐந்து, பி பகுதியில் ஐந்து என்று தெரிவுசெய்து பத்துக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒரு கேள்விக்குப் பத்துப் புள்ளி. ஒரு பகுதியில் ஆறு எழுதினால் ஐந்துக்குத்தான் புள்ளி கிடைக்கும். ஆறாவது விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்குக் கணக்கில்லை. நான் எழுதியது பத்து, எனக்குச் சேர்ந்தது ஒன்பது.

இது எனக்குத் தெரியாத விடயமா? நன்றாகத் தெரியும். கடந்தகால வினாத்தாள்களை ஒன்றுக்கு இரண்டு தடவை செய்து பார்த்தவள் நான். அப்படியானால் ஏன் செய்தேன் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கேத்திரகணிதம் என்றால் பயம். அட்சரகணிதமும் வரைபும் கைவந்த பாடம். ஏ பகுதியில் ஐந்தை முடித்த கையோடு, 'இதில் ஒன்று பிழைத்துவிட்டால்?' என்று ஒரு பாதுகாப்புக்காக ஆறாவதையும் எழுதினேன். எழுதும்போது அது உபரி என்று நினைவிருந்தது. பி பகுதியின் தேற்றங்களோடு ஒன்றரை மணித்தியாலம் மல்லுக்கட்டி முடித்தபோது அந்த நினைவு போய்விட்டது. கடைசியில் எண்ணிப் பார்த்தேன்தான், எண்ணாமல் இல்லை. ஆனால் மொத்தத்தைத்தான் எண்ணினேன். பத்து வந்தது. பயம் பிடித்த ஆள் தனக்குப் பிடித்த விடை வந்தவுடன் எண்ணுவதை நிறுத்திவிடும்.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தேன். உம்மா துவாயோடு வாசலில் நின்றா. "எப்பிடி மகள் சோதினை?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. "பேப்பர் சரியான கஷ்டம் உம்மா. கேத்திரகணிதத்தில படிப்பிக்காத இடத்திலெல்லாம் வந்திருக்கு" என்றேன். முன்கூட்டியே யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. வாப்பா அப்போது கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். இரவு தொலைபேசி எடுத்தபோது அதே வசனத்தை அவருக்கும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது அது எனக்கே உண்மை மாதிரிக் கேட்டது.

பெறுபேறு வந்தது. எட்டுப் பாடங்களில் ஏ. கணிதத்தில் பி.

எங்கள் ஊர்களில் 9 ஏ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சந்தியில் பதாகை கட்டுவார்கள், பள்ளிவாசல் மண்டபத்தில் கௌரவிப்பு நடக்கும், முன்பின் தெரியாதவர்களும் வீட்டுக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். 8 ஏ, ஒரு பி என்றால், "சே, ஒண்டுதானே போயிட்டு" என்று துக்கம் விசாரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்துப் புள்ளியும் கிடைத்திருந்தால் ஏ வந்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து இருநூறு. அதில் பத்து என்றால் நூற்றுக்கு ஐந்து. 75 க்கு மேல் ஏ, 65 இலிருந்து 74 வரை பி. நான் எங்கே நின்றேன் என்பது எனக்குத் தெரியாது. பெறுபேற்றுத் தாளில் தரம் மட்டும்தான் இருக்கும். அந்த பி எந்தக் கதவையும் எனக்கு மூடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்தரத்தில் விரும்பியபடி கணிதப் பிரிவிலேயே படித்தேன். பிறகு கல்வியியற் கல்லூரி. இன்று நானும் ஒரு கணித ஆசிரியை.

நட்டப்பட்டவர் வேறொருவர். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த டீச்சர்.

பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வீட்டு விறாந்தையில் எங்களை இருத்தி வைத்து, ஒரு சதமும் வாங்காமல் கேத்திரகணிதம் சொல்லித் தந்தவர் அவர். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரும். தேற்றத்தைச் சொல்லாமல் யாருக்கும் பிஸ்கட் இல்லை. அப்படிப்பட்டவர் 'படிப்பிக்காத இடம்' வைத்தார் என்று நான் சொன்ன கதையை உம்மா நம்பினா. நம்பியதை மாமியிடம் சொன்னா. மாமி ஒரு கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டா. அந்த நாலு பேரில் ஒருவர் டீச்சரின் மச்சினி.

டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வழியில் கண்டால் வழமைபோலச் சிரிப்பார். ஆனால் "என்ன புள்ள, எப்பிடிப் படிக்கிற?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, இனி ஆசிரியையாக நான் காண்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தவணையும் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துகிறேன். பாடம் தெரியாததால் புள்ளி குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவுவது எனக்குச் சுலபம், திரும்பப் படிப்பிக்கலாம். தெரிந்துகொண்டே புள்ளியை விடுகிற பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும்போதுதான் மனம் பதைக்கும்.

சென்ற தவணை தரம் பதினொன்றுக்கு ஒரு கூட்டல் விருத்தி கொடுத்தேன். 5, 8, 11 என்று போகிறது. முதல் 12 உறுப்புகளின் கூட்டுத்தொகையைக் காண்க என்பது கேள்வி. வகுப்பில் மிக நன்றாகச் செய்கிற பிள்ளை ஒருத்தி 38 என்று விடை எழுதி, அதன் கீழ் அடிமட்டம் வைத்து இரண்டு கோடும் போட்டிருந்தாள். 38 என்பது பன்னிரண்டாம் உறுப்பு. கேட்டது கூட்டுத்தொகை, அது 258. சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, பெருக்கியது சரி. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை இல்லை. 'உறுப்பு' என்ற சொல்லைக் கண்டதும் அவளுடைய கை எழுதத் தொடங்கிவிட்டது. அடுத்த சொல்லுக்காகக் கண் காத்திருக்கவில்லை.

இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. 10,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 10 வீதக் கூட்டு வட்டிப்படி இரண்டு வருடத்தில் வரும் வட்டியைக் கேட்டால், 12,100 என்று மொத்தத் தொகையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வட்டி 2,100 தான். விட்டம் தரப்பட்டிருக்கும், ஆரை என்று எடுத்துச் செய்வார்கள். 'இதிலிருந்து' என்று ஒரு சொல் கேள்வியில் வரும். மேலே நிறுவியதைப் பயன்படுத்து என்று அந்தச் சொல் கெஞ்சிக்கொண்டிருக்கும். பிள்ளை அதைத் தாண்டிப்போய் முதலிலிருந்து வேறொரு வழியில் பத்து நிமிடம் செலவழித்திருக்கும். விஞ்ஞானத்தில் 'பெயரிடுக' என்ற ஒரு புள்ளிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியவர்களையும், 'விளக்குக' என்ற இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியவர்களையும் எங்கள் ஆசிரியர் அறையில் கதை கதையாகச் சொல்வார்கள். தமிழ் டீச்சரின் முறைப்பாடு வேறு. மனப்பாடம் செய்துகொண்டு வந்த கட்டுரையை எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அதற்குள் திணித்துவிடுகிறார்களாம். 'எனது ஊர்' என்று கேட்டால், எங்கள் ஊரில் ஒரு நூலகம் உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதி இரண்டு பக்கமும் வாசிப்பின் பயன்கள்!

என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வியை வாசிக்கும்போது பென்சில் கையில் இருக்க வேண்டும். எதைக் கேட்கிறார்களோ அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு. விடை எழுதி முடிந்ததும் அந்தக் கோட்டுக்குத் திரும்பிப் போய், கேட்டதும் கொடுத்ததும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நேரம் போகும் என்று பிள்ளைகள் முறைப்படுவார்கள். கேள்விக்குப் பத்து வினாடிகூடப் போகாது. மண்டபத்தில் எழுதத் தொடங்குமுன் கிடைக்கும் மேலதிக வாசிப்பு நேரம் இதற்குத்தான். அந்தப் பத்து நிமிடமும் கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். துஆவை வீட்டிலிருந்தும் வழியிலும் கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வியை வாசியுங்கள். எந்த ஐந்து, எந்த ஐந்து என்று தெரிவுசெய்து இலக்கத்தில் வட்டமிடுங்கள். நான் வட்டமிட்டிருந்தால் ஆறாவது வட்டம் என் கண்ணில் குத்தியிருக்கும்.

பல்தேர்வு வினாத்தாளில் வேறொரு கண்ணி இருக்கிறது. பதினேழாவது கேள்வி விளங்கவில்லை, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டுப் பதினெட்டாவதின் விடையைப் பதினேழாவது வரியில் புள்ளடியிட்டால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு படி நழுவிவிடும். சாதாரண தரத்தில் நாற்பது, உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் ஐம்பது. முப்பத்தொன்பதாவதில் வந்து கண்டுபிடித்தால் அழித்துத் திருத்த நேரம் எங்கே? பத்துக் கேள்விக்கு ஒருமுறை கேள்வி இலக்கமும் வரி இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். தெரியாத கேள்வியை வெறுமையாக விடாதீர்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை.

நேரத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை, எல்லோரும் சொல்வதுதான். மூன்று மணித்தியாலம் பத்துக் கேள்வி என்றால் ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடம். பதினைந்தில் முடிக்கப் பழகினால் அரை மணித்தியாலம் கையில் மிஞ்சும். மிஞ்சினால் மழையைப் பார்க்காதீர்கள்.

செய்கையை அழிக்கும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. இது பெரும்பாலும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று நினைக்கிறேன். தாள் அழகாக இருக்க வேண்டும் என்று டிபெக்ஸ் பூசி, காயும்வரை ஊதிக்கொண்டு இருப்பார்கள். கணிதத்தில் படிமுறைக்குப் புள்ளி உண்டு. விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் அதற்குரியது கிடைக்கும். வெட்டுவதென்றால் ஒரு கோடு போதும். அதையும், புதிய விடையை எழுதி முடித்த பிறகு வெட்டுங்கள். பழையதை அழித்துவிட்டுப் புதியதற்கு நேரமில்லாமல் போன தாளில், வெள்ளைப் பூச்சுக்குப் புள்ளி போட எனக்கு வழியில்லை.

அனுமதி அட்டை, அடையாள அட்டை, கவராயம், இரண்டு பேனை. இவற்றை இரவே எடுத்து வையுங்கள். காலையில் தேடினால் வீடே ஓடும். இரவு முழுக்க விழித்திருந்து படித்த பிள்ளை மண்டபத்தில் எட்டரை மணிக்கே கொட்டாவி விடும். 'வரப்போகும் கேள்விகள்' என்று கைமாறும் தாள்களை நம்பி மற்றப் பாடப்பரப்பை விட்டவர்களின் கதை உங்கள் ஊரிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை, ஓர் ஆசிரியையாக அல்ல, பொய் சொன்ன பிள்ளையாக. பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் வாசலிலேயே "எப்பிடி?" என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் மனம் துடிக்கும், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிள்ளைக்குச் சாப்பாடும் ஒரு குளிப்பும்தான் வேண்டும். நாளைக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. முடிந்த வினாத்தாளைத் திரும்ப விரித்து வைத்து எத்தனை பிழை என்று எண்ணினால், அது நாளைய பாடத்தைத்தான் தின்னும். என் உம்மா கோபக்காரியல்ல. ஒரு அடி அடித்தவரும் அல்ல. இருந்தும் அன்று வாசலில் அவவின் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்தபோது, 'நான் எண்ணிப் பார்க்கத் தவறிவிட்டேன்' என்ற நாலு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. வினாத்தாளையும் டீச்சரையும் குறை சொல்வது இலகுவாக இருந்தது.

இதையெல்லாம் எழுதவைத்தது சென்ற தவணைப் பெற்றோர் சந்திப்புத்தான். அந்த 38 எழுதிய பிள்ளையின் தாய் வந்திருந்தார். "டீச்சர், என்ட மகள் வீட்ட எல்லாக் கணக்கும் செய்றாள். பேப்பர்ல படிப்பிக்காத மாதிரிக் கணக்கு வந்தயாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பக்கத்தில் மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சப்பாத்து நுனியால் சீமெந்தில் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.

விடைத்தாள் என் மேசையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. கை போகவில்லை. "அடுத்த தவணைக்குப் பாப்பம், இன்ஷா அல்லாஹ். மகள் நல்லாச் செய்யக் கூடிய புள்ள" என்று அனுப்பி வைத்தேன். மறுநாள் இடைவேளையில் அவளாகவே வந்தாள். "டீச்சர், நான் கேள்வியைச் சரியா வாசிக்கல்ல. உம்மாட்ட வேற மாதிரிச் சொல்லிட்டன்" என்றாள். "உம்மாட்டயும் சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "இரவு சொன்னன்" என்றாள்.

பதினாறு வயதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில் முடிந்தது, எனக்குப் பதினைந்து வருடமாகியும் முடிந்திருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்று நாலைந்து வருடமாகிறது. விறாந்தையில் அதே வாங்குதான், நிறம் மட்டும் மாறியிருந்தது. அவரும் கண்ணாடியைத் தடிப்பானதாக மாற்றியிருந்தார். பேத்திக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த விடயத்தைச் சொன்னேன். ஆறும் நாலும் பத்து என்று எண்ணியது, உம்மாவிடம் சொன்னது, மாமி கலியாண வீட்டில் கதைத்தது, எல்லாவற்றையும். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது குரல் அடைத்துவிட்டது.

டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேத்தி ஏழாம் வாய்பாட்டில் சிக்கி நின்றாள். 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அந்தக் கதை வந்த நேரம் ரெண்டு நாள் நித்திரை இல்ல புள்ள. எந்தத் தேற்றத்தை விட்டன் எண்டு கொப்பியெல்லாம் எடுத்துப் பாத்தன்" என்றார்.

எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"சரி, அதை விடு. பியில நீ விட்ட கேள்வி எது?"

"விருத்திக் கணக்கு, டீச்சர்."

"விருத்தியா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது நீ வாயாலேயே செய்யிற கணக்குத் தானே!"

பிறகு உள்ளே பார்த்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பிஸ்கட்டும் வந்தது. தட்டை என் பக்கம் தள்ளாமல் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, "முதல்ல வட்ட நாற்பக்கல்ட தேற்றத்தைச் சொல்லு பாப்பம்" என்றார்.